நோக்கியா இ75: பழைய ஸ்லைடர் கீபோர்டு போனை டெல்டாவில் வயல் வேலைக்குத் தயார் செய்ய முழுமையான வழிகாட்டி

நோக்கியா இ75 வெளிவந்த ஆண்டு 2009. ஐபோன் வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்க்கிறவர்களுக்கு விரலால் கண்ணாடியைத் தடவுவதை விடப் பொத்தானை அழுத்தி எழுதுவதுதான் உதவும் என்று நோக்கியா நம்பிய காலம் அது. முன்பக்கம் சாதாரண நம்பர் கீபேட். பக்கவாட்டில் தள்ளினால் முழு கீபோர்டு வெளியே வரும், திரை தானாகப் படுக்கைவாட்டுக்குத் திரும்பும். 2.4 அங்குலத் திரை, 3.2 மெகாபிக்சல் கேமரா, வைஃபை, ஜிபிஎஸ், மெமரி கார்டு, கழற்றி மாட்டும் பேட்டரி என எல்லாம் சேர்ந்து எடை 139 கிராம்தான்.

இந்த வழிகாட்டி பொழுதுபோக்குக்காகப் பழைய போன் சேர்ப்பவர்களுக்கு அல்ல. திருவாரூர், மன்னார்குடி, சீர்காழி, பேராவூரணி என்று டெல்டாவுக்குள் பைக்கில் அலைந்து வயல், கடை, களம் என்று குறிப்பு எடுப்பவர்களுக்கு: பயிர் காப்பீட்டுக் கணக்கெடுப்பில் இருப்பவர்கள், விதை உரக் கம்பெனி ஆட்கள், கரும்பு ஆய்வாளர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள். சேறு பட்ட கட்டைவிரலால் டச் ஸ்கிரீனில் எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மழைத்துளி விழுந்த கண்ணாடி, தொடாத இடத்தையெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. இ75-இல் பொத்தான் அழுந்தினால்தான் எழுத்து விழும். வரப்பில் நின்றபடி, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத முடியும். ஒரு விவசாயி தன் நஷ்டத்தைச் சொல்லும்போது நாம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

ஒன்றை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுகிற கருவியாக எடுங்கள், இணையத்துக்கு எடுக்காதீர்கள். இ75 இயங்குவது சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில், அந்த போன்களுக்கு வாட்ஸ்ஆப் 2017-இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. இன்றைய இணையதளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை இந்த போனின் பிரௌசருக்குத் தெரியாது, அதனால் பெரும்பாலான பக்கங்கள் திறக்கவே திறக்காது. ஜிபே, மேப் எல்லாம் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கட்டும். குறிப்பு, எஸ்எம்எஸ், அழைப்பு, நாள்காட்டி, இடக்குறிப்பு ஆகிய ஐந்து வேலைக்கு மட்டும் இ75.

படி 1: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்குவதை விட நேரில் போய் வாங்குவதே நல்லது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். நம் பக்கம் என்றால் தஞ்சாவூர், கும்பகோணத்தில் நீண்ட காலமாக சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். அவர்களின் டிராயரில் பழைய இ-சீரிஸ் போன்கள் கிடக்கும்.

கையில் வாங்கியதும் ஸ்லைடைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைப்பது காகிதம் போல மெல்லிய ஒரு பட்டைக் கேபிள். கடைக்காரர்கள் ஃப்ளெக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது மடங்கி விரிகிறது, இந்த போன்களுக்கு ஆயுள் முடிவது பெரும்பாலும் அங்கேதான். போனை ஆன் செய்து, திரை எரிந்துகொண்டிருக்கும்போது மெதுவாகத் தள்ளித் திறந்து மூடுங்கள். பாதி வழியில் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். திரை துடித்தாலோ, வெள்ளையாக மாறினாலோ, கோடு விழுந்தாலோ வேண்டாம். "மாத்தித் தந்துடறேன் சார்" என்று கடைக்காரர் சொன்னால், மாற்றிய பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். கீபோர்டைத் திறந்து வைத்த நிலையில் ஒரு அழைப்பு போட்டுப் பேசிப் பாருங்கள். அந்த நிலையில் குரல் வெட்டி வெட்டிக் கேட்டாலும் ஃப்ளெக்ஸில்தான் சந்தேகம்.

அடுத்து நோட்ஸைத் திறந்து ஏ முதல் இசட் வரை ஒரு முறை, எண்கள் ஒரு முறை, பிறகு ஸ்பேஸ், என்டர், அழிக்கும் விசை, ஷிஃப்ட் என்று தட்டுங்கள். ஏதாவது ஒரு எழுத்து இரண்டு முறை விழுந்தால் அடியில் அழுக்கு இருக்கிறது என்று பொருள், சுத்தம் செய்தால் போய்விடும். விழவே இல்லையென்றால் கீபோர்டு ஷீட்டே போயிருக்கலாம்.

பிறகு டயல் செய்ய வேண்டிய எண்கள். *#06# ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைக் காட்டும். *#0000# மென்பொருளின் பதிப்பையும் மாடல் வகையையும் காட்டும். அங்கே ஆர்எம்-412 என்று இருந்தால் நம் நாட்டு அலைவரிசைக்குச் சரி. ஆர்எம்-413 என்றால் அமெரிக்கப் பக்கத்துக்காகச் செய்தது. பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அதே ஐஎம்இஐ இருக்கிறதா என்று பாருங்கள், மாறியிருந்தால் வாங்காதீர்கள். அப்புறம் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஒரு இடம் விட்டு, 15 இலக்க ஐஎம்இஐயைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் அந்த எண்ணிலிருந்து போனின் விவரம் பதிலாக வரும். தொலைந்தது, திருடியது என்று தடை செய்யப்பட்ட போனை வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது ஒன்றே போதும்.

பழைய உரிமையாளர் போட்ட லாக் கோடைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். மாற்றாமல் விட்டிருந்தால் 12345. அது தெரியாமல் ரீசெட் செய்ய முடியாது.

படி 2: பேட்டரி

இதற்கான பேட்டரி பிஎல்-4யூ. நோக்கியா ஆஷா 300 போன்ற பல மாடல்களுக்கும் அதுவேதான், அதனால் சின்ன ஊர்க் கடைகளில் கூடக் கிடைக்கும். "ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது" என்று யாராவது தந்தால் தயாரித்த தேதியைப் பாருங்கள். லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கெடும். பத்து வருடப் பழைய ஒரிஜினலை விடச் சமீபத்தில் தயாரித்த, பேர் சொல்லக்கூடிய ஒரு கம்பெனியின் பேட்டரி மேல். கடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் வேண்டாம். மேசைமேல் வைத்துச் சுண்டிவிட்டால் பம்பரமாய்ச் சுற்றினால் உப்பியிருக்கிறது, அதுவும் வேண்டாம்.

இரண்டு வாங்குங்கள். இந்த போனின் பெரிய பலமே அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் சேதக் கணக்கும் எடுக்க வேண்டியிருக்கும். சட்டைப் பையில் சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரி இருந்தால், மூடியைத் திறந்து மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். ஆனால் அதைச் சாவி, சில்லறையோடு போடாதீர்கள். பேட்டரி முனைகளில் உலோகம் பட்டால் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். சின்ன பிளாஸ்டிக் பையில் தனியாக வையுங்கள். சார்ஜருக்கு நோக்கியாவின் பழைய சின்ன பின் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சுத்தம் செய்தல்

வாங்கியதும் பேட்டரி, சிம், மெமரி கார்டு மூன்றையும் கழற்றுங்கள். ஸ்லைடைத் திறந்து, கேமரா லென்ஸ் சுத்தம் செய்யும் ரப்பர் ஊதியால் ஓரங்களில் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். மென்மையான பழைய பல் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டுப் பொத்தான்களுக்கு இடையே தேயுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு பேட்டரி போடுங்கள்.

ஸ்லைடு இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அறுவடை நேரத்தில் களத்தில் பறக்கும் சுணையும் தவிடும் அதில் ஒட்டினால் ஒரே பருவத்தில் ஸ்லைடு அரைபட்டுவிடும். தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் போடுவதும் கெடுதல்தான், அரிசித் தூசி உள்ளே போகும். உடனே பேட்டரியைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். வாய்க்கால் தண்ணீரோ உப்பங்கழித் தண்ணீரோ பட்டிருந்தால் காய்ந்தால் மட்டும் போதாது. கடையில் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், உப்பு உள்ளே தங்கிச் செம்பை அரிக்கும். நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் கடற்காற்றில் அலைபவர்கள் பேட்டரி முனைகளை அவ்வப்போது பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைப்பது நல்லது.

படி 4: ரீசெட், சிம், நெட்வொர்க்

சார்ஜ் நன்றாக ஏறியபின் *#7370# போட்டு லாக் கோடு கொடுத்தால் போன் புதிதாக வாங்கியது போல வெறுமையாகிவிடும். நடுவில் பேட்டரியைக் கழற்றக் கூடாது.

இ75 கேட்பது பழைய பெரிய அளவு சிம். இப்போது வரும் சிம் கார்டில் மூன்று அளவுக்கும் வெட்டுக்கோடு இருக்கும், வெளிச் சட்டத்தோடு பிரித்தால் அப்படியே பொருந்தும். ஏற்கெனவே நேனோவாக வெட்டியிருந்தால் அடாப்டர் போட வேண்டும். அடாப்டரின் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டி சிம்மை நிலைப்படுத்திய பிறகே செருகுங்கள். சிம் இல்லாத வெறும் அடாப்டரைச் செருகினால் உள்ளே இருக்கும் ஊசிகள் மாட்டி வளைந்துவிடும்.

எந்தக் கம்பெனி சிம் என்பதில் யோசிக்க வேண்டியதில்லை. ஜியோவில் 2ஜி கிடையாது, எனவே அது வேலைக்கு ஆகாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகியவற்றில் உங்கள் சுற்றுவட்டாரத்தில் எது 2ஜியில் நன்றாக எடுக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் போன், நெட்வொர்க் என்று போய் நெட்வொர்க் மோடை ஜிஎஸ்எம் (அதாவது 2ஜி மட்டும்) என்று மாற்றுங்கள். 3ஜியைத் தேடித் தேடிப் பேட்டரி வீணாவது நிற்கும். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்களும், இணையம் இல்லாமல் பணம் அனுப்ப உதவும் *99# சேவையும் 2ஜியிலேயே வேலை செய்யும்.

படி 5: பழைய எண்களைக் கொண்டுவருதல்

ஆண்ட்ராய்டு போனிலிருந்து காண்டாக்ட்ஸை விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்தால் எல்லாம் ஒரே கோப்பில் வரும். இ75 காலத்து நோக்கியாக்கள் அதில் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது வழக்கம். கணினியில் அதை ஆளுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, மெமரி கார்டில் அதர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காண்டாக்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போடுங்கள். பிறகு போனின் காண்டாக்ட்ஸில் ஆப்ஷன்ஸ் போய் மெமரி கார்டிலிருந்து காப்பி என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஏறிவிடும். தமிழில் சேமித்த பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும், அதனால் ஏற்றுமதிக்கு முன்பே ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். பெயரோடு ஊரையும் சேர்த்துவிட்டால் பின்னால் தேடச் சுலபம். நம் பக்கம் ஒரே தெருவில் நாலு கணேசன் இருப்பார்கள்.

மெமரி கார்டு 4 அல்லது 8 ஜிபி போதும். அதிகபட்சமாக இது ஏற்பதே 16 ஜிபிதான்.

படி 6: எழுதும் முறையை அமைத்தல்

இந்த வழிகாட்டியின் உயிர் இதுதான், இதற்கு நேரம் கொடுங்கள்.

இதில் தமிழில் தட்டச்சு செய்யலாம் என்று நம்பி இறங்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதே நடைமுறை. வீட்டுக்கு வந்து கணினியில் ஏதாவது ஒலிபெயர்ப்புக் கருவியில் ஒட்டினால் தமிழாகிவிடும், பிழைகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம். எஸ்எம்எஸ் கணக்கிலும் இதற்கு ஒரு லாபம் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே.

வயலுக்குப் போகும் முன்பே குறிப்பின் வரிசையை முடிவு செய்துவிடுங்கள். என் பரிந்துரை: ஊர், புல எண், பரப்பு, ரகம், பயிரின் நிலை, தண்ணீர், விவசாயி சொன்னது. இங்கே புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்: "கோட்டூர், 112/3, 4 மா, சிஆர் 1009, பூக்கும் நிலை, 1 அடி, மூன்று நாளாக வடியவில்லை." இந்த ஏழும் ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் வந்தால், எக்செல்லில் ஏற்றும்போது கமா இருக்கிற இடத்தில் தானாகப் பிரிந்துகொள்ளும். வரிசை மாறினால் எத்தனை அழகாக எழுதியும் பயனில்லை. கடைசிப் பகுதியில் மட்டும் கமா போடாமல் எழுதப் பழகுங்கள்.

பரப்பை விவசாயி சொன்ன அளவிலேயே எழுதுங்கள். அவர் மாவில் சொல்வார், அரசுப் பதிவேடு எக்டேரில் இருக்கும். தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் 3 மா சுமார் ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. நின்ற இடத்திலேயே மனக்கணக்காக மாற்றி எழுதினால் தவறு எங்கே நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. மாற்றும் வேலை கணினிக்கு. பயிர் அறுவடைப் பரிசோதனையும் அப்படித்தான். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று 25 சதுர மீட்டரில் அறுப்பார்கள், அதில் கிடைத்த கிலோவை 400-ஆல் பெருக்கினால் எக்டேர் விளைச்சல். போனில் எழுத வேண்டியது தராசு காட்டிய கிலோவை மட்டும்.

எண்கள் அதிகம் வருவதால் ஃபங்ஷன் விசையைப் பழகுங்கள். விரைந்து இருமுறை அழுத்தினால் எண் நிலையிலேயே நிற்கும், மறுபடி அழுத்தினால் எழுத்துக்குத் திரும்பும். எழுதியதைத் தேர்ந்தெடுக்க ஷிஃப்ட்டை அழுத்தியபடியே அம்பு விசையை நகர்த்த வேண்டும். பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்டை அணைத்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது அது ஒவ்வொரு சொல்லிலும் குறுக்கே நிற்கும்.

போனிலேயே இருக்கும் குறிப்புச் செயலியான ஆக்டிவ் நோட்ஸில் ஊருக்கு ஒரு குறிப்பு என்று வைத்து, அதன் அடியில் அடியில் சேர்த்துக்கொண்டே போங்கள். வயலுக்கு ஒரு குறிப்பு என்று வைத்தால் மாலையில் நூறு குறிப்புகளைத் திறந்து மூட வேண்டியிருக்கும். உடனே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய தகவலுக்கு மெசேஜிங்கில் மை ஃபோல்டர்ஸ், டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது. "ஊர் / பரப்பு / சேதம் / உடனே வர வேண்டுமா" என்று வெற்று வடிவம் ஒன்றை அங்கே சேமித்து, தேவைப்படும்போது செய்தியில் செருகி நிரப்பி அனுப்புங்கள். இணையம் செத்துக் கிடக்கும் மழை நாளில் இந்த எஸ்எம்எஸ்தான் போய்ச் சேரும்.

இதில் குயிக்ஆஃபீஸ் இருக்கிறது, எக்செல் திறக்கலாம். 2.4 அங்குலத் திரையில் அட்டவணையை நிரப்புவது கண்ணுக்குத் தொல்லை என்பதால் விலைப்பட்டியல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் சேமிக்கும்போது 97-2003 என்ற பழைய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 7: ஜிபிஎஸ்

செட்டிங்ஸில் பொசிஷனிங் மெத்தட்ஸ் போய் இன்டக்ரேட்டட் ஜிபிஎஸ்ஸை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள். ஜிபிஎஸ் டேட்டாவில் பொசிஷனைத் திறந்து, மரத்தடியை விட்டு விலகித் திறந்த வெளியில் நில்லுங்கள். முதல் முறை பல நிமிடம் பிடிக்கும். டெல்டாவில் மலையும் இல்லை, உயர்ந்த கட்டடமும் குறைவு என்பதால் ஒருமுறை பிடித்தபின் நன்றாகவே நிற்கும். இடத்தை லேண்ட்மார்க்ஸில் புல எண்ணையே பெயராகக் கொடுத்துச் சேமியுங்கள். அதிகாரப்பூர்வப் பதிவுக்கு அரசு செயலிதான் தேவை. இது மறுபடி அதே வயலுக்குப் போக உங்களுக்கான அடையாளம்.

படி 8: கூடுதல் மென்பொருள்

முடிந்தவரை வேண்டாம். அவசியமென்றால் எக்ஸ்-ப்ளோர் கோப்பு மேலாளர் ஒன்று போதும். நிறுவும்போது சான்றிதழ் காலாவதி என்று மறுத்தால், ஆப் மேனேஜர் செட்டிங்ஸில் ஆன்லைன் சான்றிதழ்ச் சோதனையை அணைத்து, போனின் தேதியைச் சில ஆண்டுகள் பின்னுக்கு வைத்து நிறுவுங்கள். முடிந்ததும் தேதியைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் அன்றைய குறிப்புகள் எல்லாம் தவறான நாளில் பதிவாகும்.

படி 9: பாதுகாப்பும் பிரதி எடுத்தலும்

உங்கள் போனில் இருப்பது மற்றவர்களின் நிலம், கடன், நஷ்டம் பற்றிய விவரம். 12345-ஐ முதல் நாளே மாற்றுங்கள். செக்யூரிட்டி செட்டிங்ஸில் ரிமோட் லாக்குக்கு ஒரு ரகசியச் சொல் வைத்தால், போன் தொலையும்போது வேறு எண்ணிலிருந்து அந்தச் சொல்லை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிப் பூட்டிவிடலாம். வீட்டில் ஒருவருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கட்டும். மெமரி கார்டு என்க்ரிப்ஷனை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தனை பழைய போன் ஒருநாள் நின்றுவிட்டால் கார்டை வேறு எதிலும் படிக்க முடியாமல் போகும்.

குறிப்புகள் போன் மெமரியில்தான் இருக்கும், கார்டில் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். தினமும் மாலை புளூடூத்தில் அன்றைய குறிப்புகளைக் கணினிக்கோ ஆண்ட்ராய்டு போனுக்கோ அனுப்புங்கள். வாரம் ஒருமுறை ஃபைல் மேனேஜரில் போன் மெமரியை பேக்கப் எடுத்தால் அது கார்டில் சேரும். அந்தக் கார்டின் உள்ளடக்கத்தையும் கணினியில் நகல் எடுத்து வையுங்கள். அந்த பேக்கப்பை இன்னொரு இ75-இல் திரும்ப ஏற்றிப் பார்க்கலாம், சாம்சங்கில் ஏற்ற முடியாது. ஆகவே நடவு தொடங்கி அறுவடை முடியும் வரை இதை நம்பி வேலை செய்யப் போகிறவர்கள், ஸ்லைடு நன்றாக இருக்கும் இரண்டாவது இ75 ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாமல் வாங்கி வையுங்கள். கீபோர்டு போனாலும் ஃப்ளெக்ஸ் போனாலும் அதிலிருந்து எடுத்துப் போடலாம்.